சாக்ஷிக் கூண்டும் நாடக மேடையும்

கோர்ட்டு விவகாரம் என்றால் நம்மவர்களுக்கு எப்போதுமே ஒரு தனி ருசி உண்டு. பிரபலமான வழக்கு ஒன்றின் விசாரணை விவரம் பத்திரிகையில் வெளியாகிவிட்டால், வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சூழ உட்கார்ந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது. பாண்டியன் சபையில் கண்ணகி சிலம்பை உடைத்து, உள்ளிருக்கும் பரல் முத்தல்ல, மாணிக்கமே என்று காட்டும் அந்த ஒரு கட்டத்துக்காகவே இரவு முழுவதும் கண் விழித்துக் கோவலன் நாடகம் பார்த்தவர்கள் நம் முன்னோர்கள். அந்தக் கட்டத்தின் ரகசியம் என்ன? இரு தரப்பாரும் பேசுகிறார்கள். பிறகு சாக்ஷியம் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் உடைத்துப் பார்க்கப்படுகிறது. அதன் பிறகு, சிம்மாசனத்தில் இருப்பவனும் மறுத்துப் பேச முடிவதில்லை.

சபையார் காண முடியாதபடி ஒரு வழக்கின் சாக்ஷியத்தை மூடி வைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் 2010-ம் வருஷத்தில் அப்படித்தான் நேர்ந்தது. மூடி வைத்த அந்த விசாரணையை நாடகக்காரர்கள் மேடைக்குக் கொண்டு வந்தார்கள். 'எட்டு' என்பது அந்த நாடகத்தின் பெயர். இரண்டு பெண்களோ, இரண்டு ஆண்களோ விவாகம் செய்துகொள்ளச் சட்டத்தில் உரிமை உண்டா என்பதே அதில் விசாரிக்கப்படும் கேள்வி.

குடும்பங்களில் படிக்கும் பத்திரிகையில் இந்த விஷயத்தைப் பேசலாமா என்று சில நேயர்கள் நினைக்கக்கூடும். வழக்கு நடந்த நாட்களில் அந்தக் கோர்ட்டில் பேசப்பட்டதெல்லாம் கல்யாணம், பிள்ளைகள், பெற்றோர், வீடு, அக்கம்பக்கத்தார் என்பவைதாம். குடும்பத்தைப் பற்றிய விஷயத்தைக் குடும்பத்தார் பேசாமல் வேறு யார் பேசுவது?

வழக்கு பிறந்த கதை

அமெரிக்காவின் மாகாணங்களில் கலிபோர்னியா ஜனத்தொகையில் முதலாவது. அந்த மாகாணத்தின் ஸுப்ரீம் கோர்ட் 2008-ம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி, ஒரே பாலைச் சேர்ந்த இருவர் விவாகம் செய்துகொள்வதைத் தடுப்பது மாகாண அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்புக் கூறிற்று. அதற்கு ஆதரவாக 4 நீதிபதிகள், எதிராக 3 நீதிபதிகள். ஜூன் மாத நடுவில் தொடங்கி நவம்பருக்குள் சுமார் 18,000 தம்பதிகள் இப்படி விவாகம் செய்துகொண்டார்கள்.

ஆனால் கலிபோர்னியாவில் ஜனங்களே நேரில் வோட்டுப் போட்டு அரசியல் சட்டத்தைத் திருத்த முடியும். போதிய கையெழுத்துச் சேர்த்தால் பிரேரணை வோட்டுச் சீட்டில் ஏறிவிடும். அப்படி ஏறியதுதான் எட்டாம் பிரேரணை. ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே நடப்பது மட்டுமே விவாகமாகச் செல்லும் என்பது அதன் சாரம். அந்த வருஷம் நவம்பர் 4-ந் தேதி, ஒபாமா ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே தினத்தில், 100-க்கு 52 வோட்டுக்குச் சற்று அதிகமாகப் பெற்று அது நிறைவேறிற்று. 70 லட்சம் பேர் அதற்கு ஆதரவாக வோட்டளித்திருந்தார்கள். முன்பே நடந்த 18,000 விவாகங்களும் செல்லும், இனிமேல் வருகிறவர்களுக்கு மட்டும் இல்லை என்று மாகாண ஸுப்ரீம் கோர்ட் 2009-ம் வருஷம் முடிவு செய்தது. ஒரே தெருவில், அடுத்தடுத்த வீட்டில், ஒரு ஜோடி தம்பதிகள். மற்றொரு ஜோடி தம்பதிகள் அல்லர். இப்படி ஒரு விசித்திர நிலைமை உண்டாயிற்று.

அந்த மே மாதத்திலேயே ஸான் பிரான்ஸிஸ்கோவில் உள்ள மத்திய சர்க்கார் ஜில்லாக் கோர்ட்டில் நால்வர் வழக்குத் தொடுத்தார்கள். கிறிஸ் பெர்ரி, ஸாண்டி ஸ்டையர் என்ற இரு ஸ்திரீகள். பால் கடாமி, ஜெஃப் ஸரில்லோ என்ற இரு புருஷர்கள். முதல் ஜோடி நான்கு பையன்களை வளர்த்து வந்தவர்கள். 2004-ம் வருஷத்தில் ஸான் பிரான்ஸிஸ்கோ மேயர் துணிந்து விவாகச் சீட்டு வழங்கியபோது அவர்களும் விவாகம் செய்துகொண்டார்கள். சில மாதங்களுக்குள் அந்த விவாகங்கள் யாவும் செல்லாதவை என்று கோர்ட் ரத்துச் செய்துவிட்டது. ஒரு முறை கையில் கொடுத்துப் பிடுங்கப்பட்டவர்கள் அவர்கள்.

எதிரிகள் இருவர் ஒரே மேஜையில்

இந்த வழக்கில் முதல் ஆச்சரியம் வக்கீல்களைப் பற்றியது. 2000-ம் வருஷத்து ஜனாதிபதித் தேர்தலில் புஷ் வென்றாரா, கோர் வென்றாரா என்ற தகராறு அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது நேயர்களுக்கு நினைவிருக்கும். புஷ்ஷுக்காக வாதாடியவர் தியோடர் ஓல்ஸன். கோருக்காக வாதாடியவர் டேவிட் பாய்ஸ். அரசியலில் கீரியும் பாம்புமாக இருந்த கட்சிகளின் பெரிய வக்கீல்களான இவ்விருவரும் இந்த வழக்கில் ஒரே மேஜைக்கு முன் வாதிகளுக்காக உட்கார்ந்தார்கள்.

ஓல்ஸன் பழமையைப் போற்றும் கட்சிக்காரர். விவாகம், குடும்பம், பொறுப்பு ஆகியவற்றைப் பெரிதாக மதிப்பது தம் கட்சி என்றும், விவாகத்துக்குள் வர விரும்பி இருவர் கதவைத் தட்டும்போது அதே காரணத்துக்காகவே கதவைத் திறக்க வேண்டும் என்றும் அவர் வாதித்தார். தம் சொந்தக் கட்சியினரில் பலருடைய கோபத்துக்கு ஆளானார். அவர் 2024-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் காலமானார்.

இன்னொரு விசேஷமும் உண்டு. பிரதிவாதிகளாகக் குறிக்கப்பட்ட கவர்னர் ஷ்வார்ஸ்நெக்கரும் மாகாண அட்டர்னி ஜெனரல் ஜெரி பிரௌனும் எட்டாம் பிரேரணைக்காக வாதாட முன்வரவில்லை. ஆகவே பிரேரணையைக் கொண்டு வந்த தனி மனிதர்களே தங்கள் செலவில் வக்கீல் வைத்து வாதாடினார்கள். அவர்களுடைய வக்கீல் சார்ல்ஸ் கூப்பர். நிதானமும் சட்ட ஞானமும் மிகுந்தவர். இந்த விசேஷமே மூன்று வருஷங்களுக்குப் பிறகு வழக்கின் முடிவைத் தீர்மானிக்கப் போகிறது என்று அப்போது யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

காமிராவுக்குத் தடை

ஜில்லா நீதிபதி வான் வாக்கர், இந்த வழக்கு நாட்டு மக்கள் அனைவருக்கும் அக்கறை உள்ளது என்று கருதி, விசாரணையைப் படம் பிடித்து வேறு சில கோர்ட்டுக் கட்டிடங்களிலும் இன்டர்நெட்டிலும் காட்ட ஏற்பாடு செய்தார். பிரேரணைக் கட்சியார் ஆட்சேபித்தார்கள். தங்கள் சாக்ஷிகளுக்குத் தொந்தரவும் மிரட்டலும் வரும் என்பது அவர்கள் கூறிய காரணம். அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட் 2010-ம் வருஷம் ஜனவரி 13-ந் தேதி, 5-க்கு 4 என்ற வித்தியாசத்தில், வெளியே காட்டக் கூடாது என்று தடை விதித்தது. நீதிபதி தம் உபயோகத்துக்காக மட்டும் படம் பிடித்துக்கொண்டார். அந்தப் படங்கள் முத்திரையிடப்பட்டு உள்ளே போயின.

விசாரணை ஜனவரி 11-ந் தேதி தொடங்கி 27-ந் தேதி வரை நடந்தது. கோர்ட்டுக்குள் இடம் பிடித்தவர்கள் மட்டுமே கேட்டார்கள். மற்றவர்களுக்குக் கிடைத்தது சுருக்கெழுத்தாளர் பதிவு செய்த ஆயிரக்கணக்கான பக்கங்கள். அவற்றை வீட்டில் உட்கார்ந்து படிக்க யாருக்குப் பொறுமை உண்டு?

இங்கேதான் நாடகாசிரியர் டஸ்டின் லான்ஸ் பிளாக் வருகிறார். 'மில்க்' என்ற படத்துக்குக் கதை வசனம் எழுதி ஆஸ்கர் பரிசு பெற்றவர் அவர். வழக்குக்குப் பண உதவி செய்த ஸ்தாபனத்தின் நிர்வாகக் குழுவிலும் இருந்தவர். கோர்ட்டு நடவடிக்கைக் குறிப்புகளையும், தாம் நேரில் கண்டு கேட்டவற்றையும் கொண்டு சுமார் ஒன்றரை மணி நேர நாடகம் எழுதினார். மேடையில் பேசப்படும் வார்த்தைகளில் பெரும்பாலானவை சாக்ஷிகளும் வக்கீல்களும் உண்மையாகவே பேசியவை.

2011-ம் வருஷம் செப்டம்பர் 19-ந் தேதி நியூயார்க் பிராட்வேயில் யூஜின் ஓ'நீல் நாடகசாலையில் அது ஒரே ஓர் இரவு நடந்தது. பாய்ஸாக மார்கன் ஃப்ரீமனும் ஓல்ஸனாக ஜான் லித்கோவும் தோன்றினார்கள். 2012 மார்ச் 3-ந் தேதி லாஸ் ஏஞ்ஜல்ஸில் நடந்தபோது ஜார்ஜ் குளூனி பாய்ஸாகவும், மார்ட்டின் ஷீன் ஓல்ஸனாகவும், பிராட் பிட் நீதிபதியாகவும், கெவின் பேகன் கூப்பராகவும் நடித்தார்கள். அந்தக் காட்சி யூட்யூபில் உலகமெங்கும் ஒளிபரப்பாயிற்று. காமிரா நுழையக் கூடாது என்று தடுக்கப்பட்ட அதே வார்த்தைகள், நடிகர்களின் வாய் வழியாக, காமிரா மூலமாகவே ஊரெல்லாம் பரவின. பிறகு அமெரிக்காவின் பல ஊர்களில் கல்லூரி மாணவர்களும் உள்ளூர் நாடகக் குழுக்களும் இதை வாசித்து நடித்தார்கள். திரையில்லை, வேஷமில்லை. கையில் பிரதியை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து படிப்பதே போதுமாயிருந்தது.

ஒரு சொல்லின் விலை

நாடகத்தில் நம் மனத்தைத் தொடும் பகுதி வக்கீல்களின் சொற்பெருக்கு அன்று. வாதிகளின் சாதாரணப் பேச்சேயாகும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கலிபோர்னியாவில் விவாகம் செய்துகொள்ள முடியாத இத்தகைய ஜோடிகளுக்கு வேறொரு பதிவு முறை முன்னமே இருந்தது. அதில் பதிந்துகொண்டால் மாகாணச் சட்டப்படி கணவன் மனைவிக்குரிய ஏறக்குறைய எல்லா உரிமைகளும் கிடைத்துவிடும். அந்த உறவுக்குச் சட்டம் கொடுத்த பெயரைத் தமிழில் சொல்வதானால், 'குடித்தனக் கூட்டாளி' என்று சொல்லலாம். "உரிமை எல்லாம் இருக்கிறதே, பெயரில் என்ன வந்தது?" என்று எதிர்க்கட்சியார் கேட்டதன் நியாயம் இதுதான்.

இதற்குக் கிறிஸ் பெர்ரி கூண்டில் ஏறிப் பதில் சொன்னார். தமக்கு 45 வயது ஆகிறது என்றும், 10 வருஷங்களாக ஒரு பெண்ணை நேசித்து வருவதாகவும், அதைப் பிறருக்குத் தெரிவிக்கத் தம்மிடம் ஒரு சொல் இல்லை என்றும் அவர் கூறினார். ஸாண்டி ஸ்டையர் டாக்டரிடம் போகும்போது நிரப்ப வேண்டிய பாரத்தைப் பற்றிச் சொன்னார். அதில் உள்ள எந்தச் சொல்லும் தமக்குப் பொருந்தாது. ஒன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் தம் உறவின் பெயரை எழுத வேண்டியிருக்கும். ஹோட்டலில் அறை எடுக்கும்போது, இரண்டு ஆண்களுக்கு ஒரே பெரிய கட்டில்தானா என்று குமாஸ்தா திகைத்துக் கேட்பதை ஜெஃப் ஸரில்லோ விவரித்தார்.

கேட்கிறவர்களுக்கு இவை அற்ப விஷயங்களாகத் தோன்றலாம். அடிபட்டதில்லை, சிறைப்பட்டதில்லை, சொத்துப் பறிபோனதில்லை. ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் "இவர் என் கணவர்" என்று சொன்னால், அந்த ஒரு சொல்லில் எத்தனை அடங்கிவிடுகிறது! ஆஸ்பத்திரியில் உள்ளே விடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் நாற்காலி போடுகிறார்கள். விருந்தில் பக்கத்தில் இலை போடுகிறார்கள். யாரும் விளக்கம் கேட்பதில்லை. அந்தச் சொல் கிடைக்காதவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று தம் சொந்த வாழ்க்கையை விவரித்தாக வேண்டும். கூட்டாளி என்றால் வியாபாரத்திலா என்று கேட்பார்கள். தினமும் பத்து இடங்களில் விளக்கம் சொல்லிச் சொல்லி, கடைசியில் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று மனிதர் ஒடுங்கிப் போகிறார். பெயரில் ஒன்றுமில்லை என்று சொல்வது பெயர் உள்ளவர்களுக்கு எளிது.

ஹார்வர்ட் சர்வகலாசாலைச் சரித்திராசிரியை நான்ஸி காட் இதற்கு ஒரு பழைய உதாரணம் தந்தார். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த நீக்ரோ மக்களுக்குச் சட்டப்படி விவாகம் செய்துகொள்ளும் தகுதி கிடையாது. சேர்ந்து வாழ்ந்தாலும், பிள்ளை பெற்றாலும், எஜமான் நினைத்தால் ஒருவரை விற்றுவிடலாம். விடுதலை கிடைத்தபோது அவர்கள் ஆவலுடன் ஓடிச் செய்த காரியங்களில் ஒன்று, தங்கள் விவாகத்தைச் சட்டப்படி ஆக்கிக்கொண்டதாகும். விவாகச் சீட்டு வெறும் காகிதமானால் அவர்கள் ஏன் அதற்காக ஓடினார்கள்? விவாகம் என்றும் மாறாதது என்ற வாதத்துக்கும் அந்த அம்மையார் விடை அளித்தார். மனைவியின் சொத்தும் சட்ட ஆளுமையும் கணவனுக்குள் மறைந்துவிடும் என்பது ஒரு காலத்தில் சட்டம்; அது மாறிற்று. வெள்ளையரும் கறுப்பரும் மணக்கக் கூடாது என்பது ஒரு காலத்தில் சட்டம். கலிபோர்னியாவில் 1948-ம் வருஷத்திலும், நாடு முழுவதும் 1967-ம் வருஷத்திலும் கோர்ட்டுகள் அதை நீக்கின.

குறுக்கு விசாரணை

தேர்தல் பிரசாரத்தில் மிகப் பலமாக ஒலித்த குரல், "குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்" என்பது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள் என்று பெற்றோரைப் பயப்படுத்தும் விளம்பரங்கள் வெளிவந்தன. பிரசார மேடையில் சொல்வதைக் குறுக்கு விசாரணை செய்ய யாரும் இல்லை. கோர்ட்டில் உண்டு. அதுவே இந்த நாடகத்தின் உயிர்.

வாதிகள் தரப்பில் 17 சாக்ஷிகள் வந்தார்கள். அவர்களில் 9 பேர் நிபுணர்கள். குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் மைக்கேல் லாம்ப், ஒரே பாலினர் வளர்க்கும் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போலவே நன்றாக வளர்கிறார்கள் என்று ஆராய்ச்சிகளை எடுத்துக் காட்டினார். கொலராடோவிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பள்ளிச் சிறுவனாக இருந்தபோது அவருடைய இயல்பைப் பெற்றோர் கண்டுபிடித்து, அதை மாற்றுவதற்காகச் சிகிச்சைக்கு அனுப்பினார்களாம். மாறவில்லை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்தான் வந்தது. பிள்ளைகளோடு வருஷக்கணக்காகப் பழகும் உபாத்தியாயர்களாகிய நமக்கு இந்தப் பகுதியை வெறும் நாடகமாகக் கேட்க முடியவில்லை. வகுப்பில் கடைசி வரிசையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் பையன் எதனால் பேசாமலிருக்கிறான் என்று நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் இரு கட்சிக்கும் பேதமில்லை. எந்தக் குழந்தைகளை என்பதுதான் கேள்வி.

எதிர்த் தரப்பில் கூண்டேறியவர்கள் இருவரே. அவர்களில் முக்கியமானவர் டேவிட் பிளாங்கன்ஹார்ன். குடும்பம், தந்தையின் பொறுப்பு ஆகியவை பற்றிப் புஸ்தகங்கள் எழுதியவர். ஒவ்வொரு குழந்தைக்கும் தன்னைப் பெற்ற தாயும் தந்தையும் சேர்ந்து கிடைப்பதே நல்லது. விவாகம் என்ற ஏற்பாடே அதற்காகத்தான் என்பது அவருடைய கருத்து. பாய்ஸ் எழுந்து குறுக்கு விசாரணையை ஆரம்பித்தார். ஒன்றன் பின் ஒன்றாக, பிளாங்கன்ஹார்ன் தம் புஸ்தகத்திலேயே எழுதியிருந்தவற்றை எடுத்துக் கேட்டார். ஒரே பாலினர் விவாகத்தால் அந்த ஜோடிகளுக்கும் அவர்களுடைய குழந்தைகளுக்கும் நன்மை உண்டாகும் என்று சாக்ஷி ஒப்புக்கொண்டார். அதை அனுமதிக்கும் நாளில் அமெரிக்கா தன் லட்சியத்துக்கு முந்தின நாளைவிட நெருங்கியதாக இருக்கும் என்று தாமே எழுதியிருப்பதையும் ஒப்புக்கொண்டார். கண்ணகியின் கைச் சிலம்பு இங்கே எதிர்க்கட்சிச் சாக்ஷியின் கையிலேயே உடைந்தது.

கூப்பரையும் நீதிபதி கேள்வி கேட்காமல் விடவில்லை. ஒரே பாலினர் விவாகம் செய்துகொள்வதால், ஆணும் பெண்ணும் செய்துகொள்ளும் விவாகத்துக்கு என்ன கெடுதி வரும் என்று விசாரணைக்கு முந்திய ஒரு கட்டத்தில் கேட்டார். தமக்குத் தெரியாது என்று கூப்பர் விடையளித்தார். இந்த விடை நாடெங்கும் பிரசித்தமாயிற்று, கேலிக்கும் ஆளாயிற்று. ஆனால் அதை நேர்மையற்ற விடை என்று நாம் சொல்லமாட்டோம். பின்னால் என்ன விளையும் என்று இப்போது யாருக்கும் தெரியாது. அதனாலேயே ஜனங்கள் நிதானமாகப் போக விரும்பினால் அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு என்பதே அவர் வாதத்தின் உட்பொருள். 70 லட்சம் பேர் வோட்டளித்து முடிவு செய்ததை ஒரு நீதிபதி நீக்கலாமா என்ற அவருடைய கேள்வியும் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. ஜனநாயகத்தில் நம்பிக்கை உள்ளவர் எவரும் அதற்கு விடை சொல்லியாக வேண்டும். ஓல்ஸன் சொன்ன விடை இது: மெஜாரிட்டியார் விரும்பினாலும் பறிக்க முடியாதவை சில உண்டு, அவற்றைக் குறித்து வைக்கத்தான் அரசியல் சட்டம் என்ற ஒன்று எழுதப்படுகிறது.

நாடகத்தின் குறை

'எட்டு' நாடகத்தைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. இதை எழுதியவர் ஒரு கட்சியைச் சேர்ந்தவர். நடத்தியதும் அந்தக் கட்சியின் நிதிக்காகவே. இரண்டு வாரத்துக்கு மேல் நடந்த விசாரணையை ஒன்றரை மணி நேரத்தில் சுருக்கும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்பது ஆசிரியரின் கையில் இருக்கிறது. வாதிகள் கண்ணீர் விடும் இடங்கள் முழுமையாக வருகின்றன; எதிர்த் தரப்பார் தடுமாறும் இடங்களும் முழுமையாக வருகின்றன. அவர்கள் தடுமாறாத இடங்கள் அவ்வளவாக வருவதில்லை. டெலிவிஷனில் பேசியவர்களின் பேச்சையும் இடையிடையே சேர்த்து, சபையோரைச் சிரிக்க வைக்கிறார்கள். கோர்ட்டில் சிரிப்பு வேறு. கொட்டகையில் சிரிப்பு வேறு.

ஆனால் இந்தக் குறைக்கு மூல காரணம் யார்? விசாரணையின் படமே வெளிவந்திருந்தால், ஜனங்கள் கூப்பரின் முழு வாதத்தையும் அவருடைய குரலிலேயே கேட்டிருப்பார்கள். காமிராவைத் தடுத்தவர்கள் தங்கள் கட்சிக்கே தீங்கு செய்துகொண்டார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. உள்ளதைக் காட்டாவிட்டால், எடுத்துக் கட்டுகிறவன் கட்டுவதே ஜனங்களின் ஞாபகத்தில் நின்றுவிடும். முத்திரையிட்ட அந்தப் படங்களை வெளியிடுவதற்கென்றே தனி வழக்கு நடந்து, 2022-ம் வருஷத்தில்தான், அதாவது 12 வருஷங்கள் சென்ற பிறகு, அவை வெளிவந்தன.

பிறகு நடந்தவை

நீதிபதி வாக்கர் 2010-ம் வருஷம் ஆகஸ்டு 4-ந் தேதி தீர்ப்பளித்தார். சாக்ஷியங்களிலிருந்து தாம் கண்ட உண்மைகளை 80 இலக்கங்களாக வரிசைப்படுத்தி எழுதி, எட்டாம் பிரேரணை மத்திய அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று கூறினார். மறு வருஷம் ஓய்வு பெற்ற பின், தாமும் நெடுநாளாக ஓர் ஆண் துணைவருடன் வாழ்ந்து வருவதாக அவர் வெளியிட்டார். அதைக் காரணமாகக் காட்டித் தீர்ப்பை ரத்துச் செய்யும்படி எதிர்க்கட்சியார் மனுப் போட்டார்கள். ஒரு நீதிபதி ஒரு வகுப்பைச் சேர்ந்தவர் என்பதனாலேயே அவ்வகுப்பாரின் உரிமை வழக்கை விசாரிக்கத் தகுதியற்றவர் ஆகிவிட மாட்டார் என்று மற்றொரு நீதிபதி அதைத் தள்ளினார்.

அப்பீல் கோர்ட்டிலும் வாதிகளே ஜயித்தார்கள். 2013-ம் வருஷம் ஜூன் 26-ந் தேதி அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட், கவர்னரே அப்பீல் செய்யாதபோது பிரேரணை கொண்டு வந்த தனி மனிதர்களுக்கு அப்பீல் செய்ய அதிகாரமில்லை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் முடித்துவிட்டது. பெரிய கேள்விக்கு விடை சொல்லாமலே, வாக்கரின் தீர்ப்பு நிலைத்தது. இரண்டு நாள் கழித்து ஸான் பிரான்ஸிஸ்கோ நகர மண்டபத்தில் பெர்ரிக்கும் ஸ்டையருக்கும் விவாகம் நடந்தது. நடத்தி வைத்தவர் அப்போதைய மாகாண அட்டர்னி ஜெனரல் கமலா ஹாரிஸ். சென்னையில் பிறந்த தமிழ்த் தாயாரின் புதல்வி. பெரிய கேள்விக்கு 2015-ம் வருஷம் அதே ஜூன் 26-ந் தேதி விடை வந்தது. அமெரிக்காவின் எல்லா மாகாணங்களிலும் ஒரே பாலினர் விவாகம் செல்லும் என்று அதே கோர்ட் 5-க்கு 4 என்ற கணக்கில் கூறிற்று.

கூண்டில் நின்ற பிளாங்கன்ஹார்ன் 2012-ம் வருஷத்தில் பத்திரிகையில் கட்டுரை எழுதி, தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டதாக அறிவித்தார். கூப்பரின் கதை இன்னும் விசித்திரமானது. அவர் அப்பீலில் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், அவருடைய மனைவியின் மகள் ஒரு பெண்ணை விரும்புவதைத் தெரிவித்தாள். அந்தக் கல்யாண ஏற்பாடுகளில் அவரும் பங்கெடுத்துக்கொண்டார் என்பது 2014-ம் வருஷத்தில் வெளியாயிற்று. நாலு சுவருக்குள் தந்தையாக ஒரு மனிதர், கோர்ட்டில் வக்கீலாக அதே மனிதர்! எந்த நாடகாசிரியரும் இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்யத் துணிந்திருக்க மாட்டார்.

ஜனங்களின் வோட்டு என்ற கூப்பரின் கேள்விக்கும் பிற்காலம் ஒரு விடை அளித்தது. 2024-ம் வருஷம் நவம்பரில் கலிபோர்னியா மக்கள் மறுபடியும் வோட்டளித்தார்கள். எட்டாம் பிரேரணை எழுதி வைத்த வாசகத்தை அரசியல் சட்டத்திலிருந்து நீக்கிவிட 100-க்கு 62 பேருக்கு மேல் சம்மதித்தார்கள். 16 வருஷத்துக்குள் அந்த மக்களே மனம் மாறினார்கள். தீர்ப்பு மட்டும் அதைச் செய்திருக்க முடியாது. அண்டை வீட்டில் யார் வாழ்கிறார்கள் என்று கண்டதும், அவர்களைப் பற்றிப் பேசக் கற்றதும் சேர்ந்துதான் செய்திருக்க வேண்டும். அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவற்றில் இந்த வழக்கும் ஒன்று. அதைக் கேட்கச் செய்தவற்றில் இந்த நாடகமும் ஒன்று.

நம் நாட்டிலும் இதே கேள்வி 2023-ம் வருஷம் ஏப்ரல் 18-ந் தேதி ஸுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் முன் விசாரணைக்கு வந்தது. பத்து நாள் வாதம் நடந்தது. விவாகம் செய்துகொள்வது அரசியல் சட்டம் அளிக்கும் அடிப்படை உரிமை அன்று என்றும், சட்டத்தை மாற்றுவது பார்லிமெண்டின் வேலை என்றும் அக்டோபர் 17-ந் தேதி தீர்ப்பாயிற்று. மறு பரிசீலனை மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளப்பட்டன. முடிவு அமெரிக்காவுக்கு நேர் மாறானது. ஆனால் ஒரு விஷயத்தில் நம் கோர்ட் அமெரிக்கக் கோர்ட்டை முந்திக்கொண்டது. பத்து நாள் வாதத்தையும் மூடி மறைக்காமல் ஒளிபரப்பிற்று. வீட்டிலிருந்தபடியே எவரும் பார்க்க முடிந்தது. இரு தரப்பு வக்கீல்களின் வாதத்தையும் நீதிபதிகளின் கேள்விகளையும் அவரவர் குரலிலேயே கேட்க முடிந்தது.

இனி இந்தக் கேள்வி பார்லிமெண்டுக்குப் போக வேண்டியது. பார்லிமெண்டுக்குப் போவது நம் வோட்டு வழியாகத்தான். நேயர்கள் எந்த அபிப்பிராயம் உடையவர்களாயினும் சரி, வோட்டுப் போடும் முன் இரு தரப்புச் சாக்ஷியத்தையும் ஒரு முறை முழுமையாகக் கேட்க வேண்டும். வீட்டிலுள்ள இளம் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது. அவர்களில் யாராவது சொல்ல நினைத்துச் சொல்லாமல் இருக்கும் ஒன்றை, சொல்வதற்கு அது ஒரு சந்தர்ப்பமாக அமையலாம்.